தென்துருவ வரைபடமும் தஞ்சைக் கடைமடையும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மருத நிலத்தின் நடுவே கூடியுள்ள ஓர் அவையில் பனி மூடிய நிலத்தைப் பற்றிப் பேசுவது பொருத்தமா என்னும் வினா எழலாம். ஐந்திணைகளுள் உறைபனி நிலத்துக்கு இடமில்லை, கருப்பொருளும் வகுக்கப்படவில்லை. ஆயினும் தென்துருவத்தின் வரைபடம் தஞ்சைத் தரணியின் கடைமடை உழவர்க்கும் உரிய ஆவணம் என்பதே இவ்வுரை முன்வைக்கும் கருத்து. அதற்கான தொடக்கம் தஞ்சையிலேயே கிடைக்கிறது.

1010ஆம் ஆண்டில் நிறைவுற்ற பெரிய கோயிலின் கல்வெட்டுகள், இராசராசன் வழங்கிய ஊர்களின் நிலத்தை வேலி, மா, காணி, முந்திரிகை என மிக நுண்ணிய கூறு வரை அளந்து குறிக்கின்றன. ஊர்நத்தம், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றைக் கழித்த பின் எஞ்சிய விளைநிலம் எவ்வளவு என்பது கல்லில் நிற்கிறது. அளந்தவர்கள் வரப்பில் நடந்து அளந்தவர்கள். அளவுகோலும் காலடியுமே அவர்தம் கருவிகள்.

ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் அதே கோயில் வேறோர் அளவைக்குத் துணையாயிற்று. வில்லியம் லாம்டன் 1802இல் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண நில அளவை 1808இல் தஞ்சையை அடைந்தது. முக்கோண முறையில் ஒரு முனையிலிருந்து மறுமுனை கண்ணுக்குத் தெரிதல் வேண்டும். குன்றில்லாத சமவெளி, எங்கும் தென்னையும் பனையும் பார்வையை மறைத்தன. எனவே கோயிற் கோபுரங்களே குன்றுகளாயின. அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைப் பெரிய கோயிலின் உயரத்துக்குக் கயிறு கட்டி ஏற்றுங்கால், கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் கூடாரத்துள் அடைந்து ஆறு வாரம் உழைத்து, நெளிந்து போன அதன் வட்டத்தை மீண்டும் வட்டமாக்கினார் என்பது நில அளவை வரலாறு போற்றும் செய்தி.

இவ்விரு நிகழ்ச்சிகளும் வரைபடக் கலையின் இரு தேவைகளைக் காட்டுகின்றன. நிலத்தில் கால் ஊன்ற வேண்டும். நிலத்தினின்று உயரவும் வேண்டும். இவ்விரண்டும் மிக அரிதாய் இருந்த இடம் துருவப் பகுதி.

அண்டார்க்டிகாவின் பரப்பு ஏறத்தாழ 1.4 கோடி சதுர கிலோமீட்டர். அதன் நூற்றுக்கு 98 பங்கு பனிக்கட்டி. அக்கட்டியின் சராசரிக் கனம் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். அதாவது 216 அடி உயரமுள்ள பெரிய கோயில் விமானங்கள் முப்பதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உயரம். அந்நிலத்தில் கோபுரமும் இல்லை, மரமும் இல்லை. கண்ணும் ஏமாறும். வடதுருவப் பக்கத்தில் 1906இல் தொலைவில் ஒரு நிலத்தைக் கண்டதாக இராபர்ட் பியரி எழுதினார். குரோக்கர் நிலம் என்று அதற்குப் பெயரும் இட்டார். அதைத் தேடி 1914இல் உறைகடல்மீது சென்ற மக்மில்லன் குழுவினர்க்கும் மலைகள் தெரிந்தன. நெருங்க நெருங்க அவை விலகின, இறுதியில் மறைந்தன. அது கானல். பாலை நிலத்துக்கே உரியதென்று கருதப்படும் கானல் பனியிலும் தோன்றும் என்பதற்கு இது சான்று.

1972இல் லேண்ட்சாட் வரிசையின் முதல் செயற்கைக்கோள் ஏவப்பட்டபோது உயரம் என்னும் தேவை நிறைவேறியது. ஆயினும் அதன் கண் கதிரவன் ஒளியை நம்பிய கண். துருவத்தில் இரவு மாதக்கணக்கில் நீள்வது. பனியும் வெண்மை, மேலே படரும் மேகமும் வெண்மை. இரண்டையும் பிரித்தறிதல் எளிதன்று. அன்றியும் அக்கோளின் பாதை துருவத்தின் நேர்மேலே செல்லாமையால் நடுப்பகுதி காணாப் பகுதியாகவே நின்றது.

இக்குறையைத் தீர்த்தது ராடார். அது தானே அலையை அனுப்பி, பட்டுத் திரும்புவதைக் கொண்டு படம் வரைவது. இருளும் மேகமும் அதற்குத் தடையல்ல. கனடாவின் ராடார்சாட்-1 வழக்கமாகத் தன் பாதைக்கு வலப்புறம் நோக்குவது. 1997 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அதனை விண்ணிலேயே திருப்பி இடப்புறம் நோக்கச் செய்தனர். அதன் பயனாகத் தென்துருவப் புள்ளி உட்பட அண்டார்க்டிகா முழுவதும் முதன்முறையாக ராடார்ப் படத்தில் விடுபாடின்றி அமைந்தது. 2025 சூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்திய - அமெரிக்கக் கூட்டு முயற்சியான நிசார் கோளும் தென்துருவப் பனியை நன்கு காணும் பொருட்டு இடப்புறமே நோக்குமாறு அமைக்கப்பட்டது.

இங்கு டெல்டா மக்கள் எண்ணத்தக்க ஓர் ஒற்றுமை உண்டு. சம்பாவும் தாளடியும் வளரும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை மேகம் தஞ்சை வானத்தை மூடிவிடும். எந்த நாளில் வயலைக் காண வேண்டுமோ அந்த நாளில் ஒளியை நம்பும் கண் பயன்படாது. துருவ இரவுக்கு உதவிய அதே ராடார் கார்த்திகை மழைக்கும் உதவுகிறது. நடவுக்கு முன் நீர் தேங்கிய வயல் அலையை வேறு பக்கம் தெறிக்க விடுவதால் படத்தில் கறுத்துத் தோன்றும். பயிர் தூர் கட்டி வளர வளர அவ்விடம் வெளிறும். பனி நிலத்திலோ உருகி ஈரமான மேற்பரப்பு கறுக்கும். வெடிப்புகள் மிகுந்த இடம் வெளுக்கும். கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் இத்தகைய படங்களைக் கொண்டு டெல்டாவின் நெற்பரப்பையும் நடவுக் காலத்தையும் வரைபடமாக்கியுள்ளனர். பயிர்க் காப்பீட்டுக்கும் அவை பயன்பட்டுள்ளன.

ஒரே இடத்தை இருவேறு நாளில் எடுத்த படங்களை ஒப்பிட்டால் பனி எவ்வளவு நகர்ந்தது என்பதும் தெரிய வரும். இம்முறையில் அண்டார்க்டிகா முழுவதற்குமான பனியோட்ட வரைபடம் 2011இல் வெளிவந்தது. அசையாதது என்று கருதப்பட்ட உள்நிலப் பனியும் சிற்றோடையாய்த் தொடங்கி, கிளைகளாய்ச் சேர்ந்து, பேராறாய்க் கடலை நோக்கிச் செல்வதை அது காட்டிற்று. காவிரியோ இதற்கு மறுதலை. கொள்ளிடம், வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு எனப் பிரிந்து பிரிந்து, கடைமடையில் கன்னி வாய்க்காலாய் மெலிந்து முடிவது. ஒன்று கூடிக் கடலைச் சேர்கிறது. மற்றொன்று பகிர்ந்து கொடுத்துவிட்டுக் கடலைச் சேர்கிறது.

நிலம் ஓடுவதால் அங்கு வரைபடமும் முதுமை அடைகிறது. 1983-84இல் இந்தியா மிதக்கும் பனித்தட்டின்மேல் நிறுவிய தட்சிண கங்கோத்திரி நிலையம் பனியுள் புதைந்து 1990இல் கைவிடப்பட்டது. அதன் பின் மைத்ரியும், 2012இல் பாரதியும் பாறை நிலத்தில் அமைந்தன. 2002இன் தொடக்கத்தில் லார்சன்-பி எனும் பனித்தட்டின் ஏறத்தாழ 3,250 சதுர கிலோமீட்டர் பரப்பு சில வாரங்களில் நொறுங்கியதைச் செயற்கைக்கோள்கள் பதிவு செய்தன. இன்றைய தஞ்சை மாவட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 3,400 சதுர கிலோமீட்டர். கல்லணைக் கால்வாய் பாயும் ஒரத்தநாடும், கும்பகோணமும், பட்டுக்கோட்டையும், அவற்றுக்கிடைப்பட்ட ஊர்களும் அடங்கிய ஒரு மாவட்டமே ஒரு கோடைக்குள் வரைபடத்தினின்று அழிந்ததாக எண்ணினால் அதன் அளவு விளங்கும். அத்தட்டின் கனமோ மூன்று விமான உயரம்.

மிதக்கும் பனி உடைவதால் மட்டும் கடல் உயர்வதில்லை என்பதும் சொல்லப்பட வேண்டும். அது ஏற்கெனவே நீரில் மிதப்பது. ஆனால் பனித்தட்டு என்பது பின்னாலுள்ள பனியாறுகளுக்குக் கதவணை போன்றது. கதவணை போனதும் லார்சன்-பிக்குப் பின்னிருந்த பனியாறுகளின் வேகம் பல மடங்கு கூடிற்று. நிலத்தின்மேல் நின்ற பனி கடலில் சேரும்போது கடல் மட்டம் உயரும். 1901க்கும் 2018க்கும் இடையே உலகக் கடல் மட்டம் சராசரியாக ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. வெப்பத்தால் நீர் விரிவதும், மலைப் பனியும் கிரீன்லாந்தும் உருகுவதும் அதில் அடங்கும். தென்துருவத்தின் பங்கும் உண்டு.

இருபது சென்டிமீட்டர் என்பது ஒரு சாண் அளவே. ஆனால் நாகப்பட்டினம், வேதாரணியம் கரையோரத்தில் வயலுக்கும் கடலுக்கும் உள்ள உயர வேறுபாடு மிகச் சிறிது. மேலணைகள் வண்டலைத் தடுப்பதால் ஆற்றுமுகத்து நிலம் தன்னைத் தானே உயர்த்திக் கொள்ளும் ஆற்றலை இழக்கிறது. ஆற்றில் நன்னீர் குறையுங்கால் உவர்நீர் முகத்துவாரம் வழி ஏறுகிறது. நிலத்தடி நீரும் உப்பாகிறது. மேட்டூர் திறக்கும் நாளை எண்ணியிருந்த கடைமடை உழவன், தான் காணாத ஒரு பனித்தட்டின் கதவணையையும் எண்ண வேண்டிய காலம் இது.

இன்னொரு செய்தி வியப்புக்குரியது. துருவங்களை ஒட்டிச் சுற்றும் செயற்கைக்கோள், தஞ்சையின்மேல் சில நாட்களுக்கு ஒரு முறையே வரும். துருவப் பக்கமோ நாள்தோறும் ஏறத்தாழ பதினான்கு சுற்றிலும் வரும். ஆதலால் பாரதி நிலையத்தில் 2013இல் இந்தியா ஒரு தரவு வாங்கும் நிலையத்தை அமைத்தது. அங்கு இறங்கும் படங்கள் ஐதராபாத்துக்கு அருகிலுள்ள ஷாத்நகர் மையத்துக்கு அனுப்பப்படுகின்றன. காவிரிக் கரையின் படமே பனி நிலத்தில் இறங்கித் திரும்பி வரக்கூடும். இரு நிலங்களும் அந்த அளவுக்கு நெருங்கிவிட்டன.

எனினும் உயரத்துக் கண் எல்லாம் அறியாது. படத்தில் கறுத்துத் தோன்றுவது நடவுக்குத் தேக்கிய நீரா, வடியாத வெள்ளமா, இறால் குட்டையா என்பதை வரப்பில் நிற்பவரே உறுதி செய்ய இயலும். அறிவியலார் அதனைக் களச் சரிபார்ப்பு என்பர். துருவத்திலும் பனியில் கழி நட்டு அளந்து பார்த்த பின்னரே படம் நம்பத்தக்கதாகிறது. இராசராசனின் அளவையாளர் செய்ததும் அதுவே.

பாவலர்க்கும் இங்கே ஒரு களம் உண்டு. முல்லையும் குறிஞ்சியும் வளம் திரிந்து பாலையாவதைச் சிலப்பதிகாரம் சொல்லி வைத்தது. மருதம் திரிந்து உவர்நிலமாவதற்குப் பெயர் இன்னும் இடப்படவில்லை. செயற்கைக்கோள் அவ்வயலின் பரப்பைச் சொல்லும், நிறத்தைச் சொல்லும். நாற்று கருகிய வரப்பில் ஓர் உழவர் வாயில் மண்ணை இட்டு உப்பைச் சுவைத்துப் பார்க்கும் காட்சியை அது சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியவர் இவ்வவையில் அமர்ந்திருக்கிறார்கள். அடுத்த பத்தாண்டில் இவ்வட்டத்தின் ஏடுகளில் அக்கடைமடை இடம்பெறுமாயின், அதுவே இவ்விழாவின் பயனாகும்.