இந்த மெசேஜ் உங்களுக்கு யார் அனுப்பினது?

இன்னைக்கு ஃபார்வர்டு மெசேஜ் பத்திப் பேசலாம்னு இருக்கேன். சிரிக்காதீங்க, விஷயம் கொஞ்சம் கனமானது.

2015 டிசம்பர் ஞாபகம் இருக்கா? சென்னை வெள்ளம். யாருக்குப் படகு வேணும், எங்க சாப்பாடு கிடைக்கும்ங்கிறது எல்லாம் வாட்ஸ்அப், ட்விட்டர், ஃபேஸ்புக்லதான் சுத்துச்சு. அதை இன்னைக்கும் பெருமையா சொல்றோம். ஆனா ஒரு பகுதியை மறந்துடறோம். ஒரு குடும்பத்தை மீட்டு ரெண்டு நாள் ஆன பிறகும், அவங்களைக் காப்பாத்தச் சொல்ற மெசேஜ் சுத்திக்கிட்டே இருக்கும். அதனால தன்னார்வலர்கள் சிலர் ஒரு பட்டியலை வச்சுக்கிட்டு, ஒவ்வொரு நம்பருக்கா போன் போட்டு, "இன்னும் அங்கதான் இருக்கீங்களா?"ன்னு கேட்டுக் கேட்டு, மீட்டவங்க பேரை அடிச்சுக்கிட்டே வந்தாங்க. என்னைக் கேட்டா, நிஜமான வேலை அதுதான்.

மூணு வருஷம் கழிச்சு அதே வழியில வேற ஒண்ணு வந்துச்சு. பிள்ளை பிடிக்கிறவங்க ஊருக்குள்ள நுழைஞ்சுட்டாங்கன்னு வதந்தி. 2018 மே மாசம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு குடும்பம் வழியில குழந்தைங்களுக்கு சாக்லேட் கொடுத்திருக்கு. அவ்வளவுதான். கூட்டம் சேர்ந்து அடிச்சதுல 65 வயசு அம்மா ஒருத்தங்க இறந்துட்டாங்க.

அந்த ஜூலையில வாட்ஸ்அப், இந்தியாவுல ஒரே நேரத்துல 5 சாட்டுக்கு மேல ஃபார்வர்டு பண்ண முடியாதுன்னு அறிவிச்சது. நல்லதுதான். ஆனா அப்போ ஒரு குரூப்ல 256 பேர் இருக்கலாம். அஞ்சும் குரூப்னா? கணக்கை நீங்களே போட்டுக்கோங்க.

சரி, நாம ஏன் நம்பறோம்? எங்கிருந்தோ கிளம்பின வதந்தி, நம்மகிட்ட வரும்போது சித்தப்பா பேர்ல வருது. சின்ன வயசுல நம்மைத் தோள்ல தூக்கிட்டுத் திருவிழா காட்டின அதே சித்தப்பா. ஃபேமிலி குரூப்ல "இது உண்மையா?"ன்னு கேட்டா, பெரியவங்களைச் சபையில எதிர்த்துப் பேசின மாதிரி. உடனே அத்தை ஒரு கும்பிடு எமோஜி போட்டுப் பேச்சை மாத்திடுவாங்க.

அதனால நான் குரூப்ல எழுதறதில்லை. தனியா போன். "சாப்டாச்சா சித்தப்பா?"ன்னு ஆரம்பிச்சு, "அந்த வீடியோ உங்களுக்கு யார் அனுப்பினது?"ம்பேன். "கூட வேலை பார்த்தவருடா." "அவருக்கு?" அங்க ஒரு சின்ன அமைதி வரும் பாருங்க! சில நாள் அவரே டெலீட் பண்ணிடுவாரு. போன வாரம் பண்ணலை. "நீ ரொம்பப் படிச்சுட்டே"ன்னு போனை வச்சுட்டாரு. நாளைக்கு மறுபடி கூப்பிடணும்.