பந்தும் ஏடும்



விளையாட்டையே பிழைப்பாகக் கொள்ளலாமா என்று நம் பிள்ளைகள் கேட்கின்றனர். ஒருவருடைய வாழ்வைக் கொண்டே இதற்கு விடை காண்போம்.

1891இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் கூடைப்பந்தாட்டத்தைத் தோற்றுவித்தார். ஐவர் ஓரணியாகி ஒரே பந்தைக் கைமாற்றி ஆடும் ஆட்டம் அது. தோழன் கையிலிருந்து வாங்க மறுப்பவன் அதில் வெல்ல இயலாது. நம் நாடு இன்னும் முற்றக் கற்றுக்கொள்ளாத பாடம் அன்றோ அது!

பஞ்சாபில் பல்லோ கே என்னும் சிற்றூரில், உழவர் குடும்பத்தில் 1995இல் பிறந்தவர் சத்னாம் சிங். தாம் ஆட விரும்பியும் வீட்டார் தடுத்ததால் ஆடாதிருந்த தந்தை, மகனைத் தடுக்கவில்லை. ஏழடிக்கு மேல் வளர்ந்த அவர் லூதியானாவில் பயின்று, 2010இல், 14 வயதில், உதவித்தொகை பெற்று அமெரிக்கப் பயிற்சிப் பள்ளிக்குச் சென்றார். ஆங்கிலம் ஏறக்குறைய அறியாமலே சென்றவர், அங்கே பந்தோடு மொழியையும் பயின்றார். 2015இல் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி, 60 பேர் கொண்ட தெரிவில் 52ஆவதாக அவரைத் தேர்ந்தது. இந்தியாவில் பிறந்து அப்பேறு பெற்ற முதல்வர் அவரே.

ஆயினும் தெரிவு பெறுவது வேறு. களம் இறங்குவது வேறு. என்.பி.ஏ. தொடர் ஆட்டம் ஒன்றிலேனும் அவர் ஆடவில்லை. அடுத்த நிலையிலுள்ள டெக்சாஸ் லெஜண்ட்ஸ் அணியில் இரண்டு பருவங்கள், பின்னர் இந்தியா, அதன்பின் கனடாவின் செயின்ட் ஜான்ஸ் எட்ஜ் அணி. 2020இல், தடைசெய்யப்பட்ட பொருள் உடலில் காணப்பட்டமைக்காக ஈராண்டுத் தடை விதிக்கப்பட்டது. 2022இல் அவர் அமெரிக்க மற்போர் மேடை ஏறினார்.

அவரைத் தோற்றவர் என்று நாம் கூறோம். தொழில்முறை ஆட்டக்காரர் பலரின் வாழ்வு இதுவே. ஒப்பந்தம் பருவத்தோடு முடியும். முழங்கால் ஒருமுறை பிசகினால் அதுவும் இல்லை. நிலபுலம் உள்ள வீட்டுப் பிள்ளைக்குத் திரும்ப ஓரிடம் உண்டு. வெங்காயக் காட்டிலும் சிமெண்டு ஆலையிலும் கூலிக்கு உழைப்போர் பிள்ளைக்கு எது உண்டு? கல்வி ஒன்றே உண்டு.

நம் நாட்டில் கூடைப்பந்து வீரர் பலருக்குச் சோறிடுவது ரயில்வே, வங்கி முதலியவற்றில் விளையாட்டு வழியே கிடைக்கும் வேலை. சென்னையில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி அணி பெயர் பெற்றது. அத்தகைய வேலைக்கும் கல்விச் சான்று கேட்பர். பந்து மட்டும் போதாது.

ஆகவே பெற்றோர்களே, ஆடும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். இளைஞர்களே, மைதானத்துக்குச் செல்லுங்கள். பள்ளியை விட்டுவிட்டுச் செல்லாதீர்கள். மருத்துவரைக் கேளாமல் எம்மருந்தும் உட்கொள்ளாதீர்கள். ஒரு கையில் பந்து இருக்கட்டும். மறு கையில் ஏடு இருக்கட்டும். பந்து ஒருநாள் கைவிட்டுப் போகும், ஏடு போகாது.