இந்தச் சேலை இன்னுமா விக்கல?

ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் காசு கட்டிப் போடுகிற விளம்பரம் எப்போது எடுபடும், எப்போது எடுபடாது என்பதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சின்னக் கடைகளுக்கு இந்த விளம்பரங்களைப் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அதனால் தொழில் வாசனை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கும்பகோணத்துப் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மா என்னைக் கூப்பிட்டார். "முதல் வாரம் போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு தம்பி. இப்பவும் அதே காசுதான் கட்டறோம், ஒருத்தரும் சீந்தல. யாராச்சும் ரிப்போர்ட் அடிச்சு முடக்கிட்டாங்களா?" என்றார். விளம்பரத்தைத் திறந்து பார்த்தேன். மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் போட்ட பட்டுச் சேலை. அருமையான படம். அதற்குக் கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: "இந்தச் சேலை இன்னுமா விக்கல?"

அந்தச் சேலை முதல் வாரமே விற்றுப்போயிருந்தது என்பதுதான் வேடிக்கை. படம் மட்டும் மாறாமல் ஓடிக்கொண்டிருந்ததால், விற்காத சரக்கு என்ற பெயர் வந்துவிட்டது.

இந்த மாதிரி நேரத்தில் நான் முதலில் பார்ப்பது ஃபேஸ்புக் விளம்பரக் கணக்கைக் காட்டும் ஆட்ஸ் மேனேஜரில் ஃப்ரீக்வென்சி என்று இருக்கும் எண்ணை. விளம்பரம் பார்த்தவர்களில் ஓர் ஆளுக்குச் சராசரியாக எத்தனை தடவை அது காட்டப்பட்டது என்பதை அது சொல்லும். பேச்சுக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். கடையைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் 30,000 பேரிடம் விளம்பரம் போயிருக்கிறது, மொத்தம் 2,40,000 தடவை காட்டப்பட்டிருக்கிறது என்றால் ஃப்ரீக்வென்சி 8. இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. எட்டு என்பது சராசரிதான். ஒருவர் இரண்டு தடவை பார்த்திருப்பார், இன்னொருவர் இருபது தடவை பார்த்து நொந்திருப்பார். சென்னை, பெங்களூர் என்று வலை விரிப்பவர்களுக்கு இந்த எண் மெதுவாகத்தான் ஏறும். சின்ன ஊர்க் கடைக்கு மளமளவென்று ஏறிவிடும்.

முதல் வாரம் போன் அடித்ததற்கும் காரணம் இருக்கிறது. யார் அழுத்துவார்கள், யார் விசாரிப்பார்கள் என்று கணித்து, அவர்களிடம் முதலில் விளம்பரத்தைக் கொண்டுபோவதுதான் ஃபேஸ்புக் இயந்திரத்தின் வேலை. வாங்குகிற மனநிலையில் இருந்தவர்கள் தொடக்கத்திலேயே வந்துவிட்டார்கள். மிச்சம் இருப்பவர்களிடம் அதே சேலையை நீட்டிக்கொண்டே இருக்கிறோம். கல்யாண வீட்டில் ஒருவரிடம் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் உபசாரம். ஐந்தாவது தடவையும் கேட்டால் அவர் செருப்பைத் தேடத் தொடங்கிவிடுவார். ஜான் கசியோப்போ, ரிச்சர்ட் பெட்டி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1979-இல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் கண்டார்கள். ஒரு வாதத்தை ஓரளவுக்குத் திரும்பச் சொன்னால் கேட்பவர்களின் உடன்பாடு கூடுகிறது. அதற்கு மேலும் சொன்னால் குறைகிறது.

சலித்தவர் சும்மா இருந்தாலாவது பரவாயில்லை. 'இந்த விளம்பரம் வேண்டாம்' என்று மறைத்துவிடுகிறார். ஃபேஸ்புக்கில் விளம்பரம் ஏலத்தில்தான் ஓடுகிறது. காசு மட்டுமல்ல, ஜனங்கள் அதை எப்படி வரவேற்கிறார்கள் என்பதும் அந்த ஏலத்தில் கணக்காகும். முகம் சுளிப்பவர்கள் கூடக் கூட, அதே இடத்துக்கு நீங்கள் அதிகம் கட்ட வேண்டிவரும்.

அந்த அம்மாவிடம் பட்ஜெட்டைத் தொட வேண்டாம் என்றேன். முந்தானையைக் கையில் பிடித்து ஜரிகையைக் காட்டும் ஒரு சின்ன வீடியோ, வாங்கிப் போனவர் கட்டியிருக்கும் படம், கடைப் பெண் மடிப்பு எடுக்கும் ரீல்ஸ் என்று எடுக்கச் சொன்னேன். எழுத்தின் நிறத்தை மட்டும் மாற்றிவிட்டுப் புது விளம்பரம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அது செல்லாது நேயர்களே! அமுல் வெண்ணெய்ப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். 1966-இலிருந்து அதே புள்ளிச் சட்டைக் குட்டிதான். ஆனால் அவள் பேசுவது அந்தந்த நேரத்து நாட்டு நடப்பு. முகம் பழசு, பேச்சு புதுசு. அதற்காகத் தினமும் மாற்றிக்கொண்டே இருந்தாலும் ஆகாது. ஒரு விளம்பரம் நிலைபெற, கடைசியாகப் பெரிய மாற்றம் செய்த ஒரு வாரத்துக்குள் விசாரிப்பு, விற்பனை என்று சுமார் ஐம்பது பலன்கள் கிடைக்க வேண்டும் என்று ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவே சொல்லியிருக்கிறது. மாற்றினால் அந்தக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

இதிலேயே நேரம் போய்விட்டது. காலத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. ஆடியில் கல்யாணம் இல்லை என்று கல்யாண போட்டோகிராபர்கள் விளம்பரத்தை நிறுத்திவிடுகிறார்கள். ஆவணி முகூர்த்தத்துக்கு வீடுகளில் ஆள் தேடுவதே ஆடியில்தான்! பிரியாணிக் கடைக்காரர் புரட்டாசி சனிக்கிழமை பூஸ்ட் பண்ணினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தீபாவளிக்கு முந்தின வாரங்களில் பெரிய ஆன்லைன் கம்பெனிகளும் அதே ஏலத்தில் வந்து நிற்பதால் விலை ஏறும். முன்கூட்டியே வீடியோ ஓடவிட்டு, பார்த்தவர்களை மட்டும் தீபாவளி நெருக்கத்தில் தேடிப் போவது லாபம்.

இன்னொன்று. இரவு பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் "விலை என்ன?" என்று கேட்டவருக்கு மறுநாள் கடை திறந்த பிறகு பதில் போடுகிறீர்கள். அதற்குள் அவர் வேறு கடையில் கேட்டுவிட்டிருப்பார். பதில் சொல்ல ஆள் இருக்கிற நேரத்துக்கு விளம்பரத்தை வைத்துக்கொள்ளுங்கள். முழுக்காலத்துக்கும் சேர்த்து பட்ஜெட் கொடுத்தால், எந்த நேரம் ஓட வேண்டும் என்று குறிக்கலாம்.

கேட்டுக்கொண்டிருக்கும் கடைக்காரர்கள் இன்றிரவு கல்லாவை எண்ணி முடித்ததும் அந்த ஃப்ரீக்வென்சி எண்ணை ஒரு தடவை பார்ப்பீர்கள் என்று நம்புகிறேன். பார்க்கிற கையோடு, விளம்பரத்தில் இருக்கும் சரக்கு கடையில் இன்னும் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.