காற்று எவருடைமை?

(மரக்காணத்தில் ஆற்றப்பெற்ற உரை)

 

சிறுபாணாற்றுப்படை புகழும் ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் எயிற்பட்டினம் இம் மரக்காணமே என்பர் ஆய்வறிஞர். நெய்தல் நிலத்து உப்பை உமணர் வண்டியேற்றிச் சென்று உள்நாட்டில் நெல்லுக்கு மாற்றியதைக் கழக இலக்கியம் காட்டுகின்றது. அவ்வுப்பை விளைவிப்பது கதிரவன் மட்டுமன்று, காற்றுங்கூட. பாத்தியின் மேல் தங்கும் ஈரத்தைக் காற்று வாரிச் சென்றாலன்றி உவர்நீர் விரைந்து வற்றாது. எனவே காற்றைத் தொழிலுக்குப் பயன்கொள்ளுதல் இக்கரையினர்க்குப் புதிதன்று. ஆயினும் அளநிலம் அரசினது, விளைவு குத்தகையாளரது, தொழிலாளிக்கு எஞ்சுவது நாட்கூலி. மழைக்காலத்தில் அதுவுமில்லை. அதற்கென மாநில அரசு 5,000 உருபா உதவித்தொகை அறிவித்ததே 2021-இல்தான்.

கடல் தந்த உப்பைக் கிழக்கிந்தியக் குழுமம் 1805-இல் சென்னை மாநிலத்தில் தன் தனியுரிமை ஆக்கிக்கொண்டது. 1930-இல் வேதாரணியத்தில் ஒரு பிடி உப்பு அள்ளியோர் சிறைப்பட்டனர். உப்புக்கு நேர்ந்தது காற்றுக்கும் நேர்ந்துகொண்டிருக்கின்றது. ஆனால் இம்முறை ஓசையில்லை, சிறையுமில்லை.

தெற்கிருந்து வருவது தென்றல், வடக்கிருந்து வாடை, கிழக்கிருந்து கொண்டல், மேற்கிருந்து கோடை எனத் திசைக்கொரு பெயரிட்ட மொழி தமிழ். (கோடை என்றால் வெயிற்காலம் என்று மட்டும் அறிந்தோர் இன்று பலர்.) ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆலைகளைச் சுழற்றுவது அந்தக் கோடைக்காற்றே. தமிழ்நாட்டில் முதற் காற்றாலைகள் 1986-இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் அரசு முயற்சியாகவே நிறுவப்பெற்றன. கயத்தாறும் முப்பந்தலும் பின்தொடர்ந்தன. காற்றின் வலிமையை அளந்து, இடர்ப்பாட்டை ஏற்று, வழிகாட்டியது பொதுப்பணமே.

வழி தெளிந்தபின் வந்தது தனியார் முதல். எப்படி வந்தது? 1990-களில் எந்திரத்தின் முழுவிலையையும் முதலாண்டிலேயே தேய்மானமாகக் காட்டி, வருமானவரியைக் குறைத்துக்கொள்ள நடுவணரசு இடமளித்தது. இங்கே சற்று நின்று எண்ணுதல் வேண்டும். ஆலை நன்றாகச் சுழன்றாலும் சுழலாவிட்டாலும் வரிக்கழிவு உறுதி! அதனால் மின்னாக்கத்தினும் கழிவையே பெரிதாகக் கருதி நட்ட ஆலைகளும் உண்டு. விட்டுக்கொடுத்த வரி பொதுமக்கள் பணம். நின்ற ஆலையோ தனியொருவர் உடைமை. இதனோடு, காற்றுமிக்க திங்கள்களில் மிஞ்சும் மின்சாரத்தை வாரியத்திடம் கணக்கில் வைத்துப் பின்னர் எடுத்துக்கொள்ளும் ஏந்தும் தரப்பெற்றது. அதன் சுமை வாரியத்தினது.

இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டுக்கு மேல். அதில் மின்வாரியத்தின் சொந்த ஆலைகள் ஏறத்தாழ 17 மெகாவாட்! வடவர் முதலை மட்டும் பழித்துப் பயனில்லை. உடைமையாளருள் தமிழ்ப் பஞ்சாலை முதலாளிகளும் மிகப் பலர். முதலாளி தமிழ் பேசுவதால் காற்று பொதுவாகி விடாது.

தென்மார்க்கு நாட்டைப் பார்க்க. கோபனேகன் கரைக்கப்பால் 2000-இல் 20 ஆலைகள், 40 மெகாவாட் திறனில் எழுந்தன. அவற்றுள் பாதி, 8,000-க்கு மேற்பட்ட பொதுமக்கள் சேர்ந்த கூட்டுறவினுடையது. 2008-இல் அந்நாடு இயற்றிய சட்டம், புதிய ஆலைப் பங்குகளில் குறைந்தது 20 விழுக்காட்டை அண்மையில் வாழ்வோர்க்கு விலைக்கு வழங்கச் செய்தது. நாலரைக் கிலோமீட்டருக்குள் வாழ்வோர்க்கு முதலுரிமை தரப்பெற்றது. அந்நாட்டு எந்திரங்களை இங்கே இறக்கினர். அந்நாட்டுச் சட்டத்தை இறக்கவில்லை.

கணவாய்களில் வீசும் வலிமை மரக்காணத்துக் காற்றுக்கு இல்லை என்பது மெய். ஆனால் கோபுரம் உயர, இறக்கை நீள, வலிகுறைந்த காற்றும் விலைபோகின்றது. தெற்கே பழைய சிற்றாலைகளை நீக்கிப் பேராலைகளை நட 2024-இல் மாநில அரசு கொள்கை வகுத்தது. ஆலையுடையோர் உயர்முறைமன்றம் சென்றனர். வழக்காடும் இரு திறத்தாரிலும் ஆரல்வாய்மொழி உழவர் இல்லை.

இக்கரையில் கேட்க வேண்டியது வாடகையன்று, பங்கு. அப் பங்கை நிலப்பட்டாவைக் கொண்டு கணக்கிட்டால் குத்தகையாளரே மீண்டும் முன்நிற்பர். தென்மார்க்குச் சட்டம் கேட்டது பட்டாவையன்று, குடியிருப்பை. அளத்தில் ஒரு சாண் நிலமும் இல்லாத தொழிலாளியைக் கணக்கில் சேர்க்க வல்லது அவ்வளவுகோலே. பங்கின் விலையை அவர் கூலியிலிருந்து கட்டவியலாது. கூட்டுறவு வைப்பகம் கடனாகத் தந்து, மின்விற்பனை வருவாயில் கழித்துக்கொள்ளுதல் வேண்டும்.