ஊர் கைமாறியது, பையன் படித்தான்

(படிப்பகக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கரிபியன் பகுதியில் பார்படாஸ் என்றொரு சிறு தீவு. 1966 வரை அது பிரிட்டிஷ் காலனி. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியாரே அங்கே கரும்பு வெட்டிய மக்கள். அந்த மக்களில் ஒருவரான ஜார்ஜ் லாமிங், ‘என் தோலெனும் கோட்டையில்’ என்று பொருள்படும் ஆங்கில நாவலை 1953-ல் வெளியிட்டார். ஓர் ஏழைச் சிறுவன் வளர்ந்து ஆளாகும் கதை அது.

கதை தொடங்கும்போது சிறுவனுக்கு ஒன்பது வயது. தாய் ஒருத்திதான் அவனை வளர்க்கிறாள். ஊர் முழுவதும் ஒரு வெள்ளை நிலப்பிரபுவுக்குச் சொந்தம். வீடு ஏழையுடையது, வீடு நிற்கும் மனை பிரபுவுடையது! பள்ளிக்கூடத்தில் சாம்ராஜ்யத்தைப் போற்றச் சொல்லி, விழா நாளில் ஆளுக்கொரு பென்னி கொடுக்கிறார்கள். அடிமைத்தனத்தைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டால், அது இங்கே நடக்கவில்லை என்கிறார் வாத்தியார். பார்படாசில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்ததே 1834-ல்தான். பாட்டன் பட்ட சாட்டையடியைப் பேரனுக்கு மறைத்த கல்வி அது.

1937-ல் அத்தீவின் தொழிலாளர் கொதித்தெழுந்தனர். அவர்களிடையே பேசிவந்த கிளெமென்ட் பெய்னை சர்க்கார் நாடு கடத்தியதும் கலகம் மூண்டது. 14 பேர் மாண்டனர். நாவலிலும் ஓர் எழுச்சி வருகிறது. அதன் பலன் யாருக்குப் போய்ச் சேர்ந்தது? வேலையை விட்ட வாத்தியார் ஒருவன், ஏழைகளின் பென்னிகளைச் சேர்த்து வங்கி வைக்கிறான், மக்களின் தலைவனாகிறான். பிரபு நிலத்தை விற்றபோது, அது அவன் கைக்கும் காசுள்ளவர்கள் கைக்கும் போகிறது. வாழ்நாளெல்லாம் அங்கிருந்த கிழவர் அநாதை விடுதிக்குப் போகிறார். எசமானின் நிறம் மாறியது; ஏழையின் கதி மாறவில்லை!

இதற்கிடையே பையன் உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறான். கூடத் திரிந்த சேக்காளிகள் விலகுகிறார்கள். யாரும் அவனை விரட்டவில்லை; படிப்பே பிரித்துவிட்டது. ஊர் கைமாறுவதன் அர்த்தம்கூட அவனுக்கு முழுதாக விளங்கவில்லை. அமெரிக்காவுக்கு வேலைக்குப் போய்த் திரும்பிய டிரம்பர் என்ற பழைய சேக்காளிதான் விளக்குகிறான். பால் ராப்சனின் பாட்டைக் கேட்கச் செய்து, கறுப்பு மக்களே என் மக்கள் என்கிறான்.

அந்த விழிப்பு பெரிது. ஆனால் நாம் ஒன்று கேட்போம்: நிலத்தை வளைத்த வாத்தியாரும் அதே நிறத்தவன்தானே? நிறம் உறவைக் காட்டும். சுரண்டுகிறவன் யார் என்பதை வர்க்கமே காட்டும்.

கல்வி வேண்டாமென்பதல்ல நம் பேச்சு. ஆலையில் நூற்றும் வயலில் நாற்று நட்டும் பிள்ளைகளைப் படிக்கவைப்போம். யார் உழைப்பில் படித்தோம் என்பதை மறக்காத பிள்ளைகளாகவும் வளர்ப்போம்!