கழுதைத் தலையும் ஒரு சிரிப்பும்



ரோம் நகரில் பாலட்டைன் குன்று என்று ஓர் இடம். பேரரசர்களின் அரண்மனைகள் இருந்த மேடு. 1857இல் அங்கே ஒரு பழைய அறையின் சுவரில் ஒரு கிறுக்கல் கண்ணில் பட்டது. கூர்மையான எதையோ வைத்துச் சுவர்ப்பூச்சில் கீறியிருக்கிறார்கள். சிலுவையில் ஒருவன் தொங்குகிறான். உடம்பு மனித உடம்பு, தலை மட்டும் கழுதைத் தலை. கீழே ஓர் இளைஞன் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். பக்கத்தில் கிரேக்கத்தில் கோணல்மாணலாக ஒரு வரி: அலெக்சாமெனோஸ் கடவுளைக் கும்பிடுகிறானாம்!

ஏறத்தாழ 1800 ஆண்டுக்கு முந்தைய கேலி இது. அந்தக் கட்டடத்தில் அரண்மனைப் பணிக்கான பையன்கள் தங்கிப் பயின்றதாக ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. நம்ம ஊர் ஹாஸ்டல் என்று வைத்துக்கொள்ளுங்களேன். சிலுவை அன்றைக்கு அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் தரும் தண்டனை. அதில் செத்தவரைக் கடவுள் என்றால் ரோமானியப் பையன் சிரிக்கத்தான் செய்வான். வேடிக்கை என்னவென்றால், இயேசு சிலுவையில் தொங்குவதைக் காட்டும் மிகப் பழைய படங்களுள் இதுவும் ஒன்று. கிறிஸ்தவர்களே அதை வரையத் தயங்கிய காலத்தில், கேலி செய்தவன் வரைந்துவைத்துவிட்டுப் போயிருக்கிறான்!

நான் கல்லூரியில் வரலாறு நடத்துகிறவன். இந்தப் படத்தை வகுப்பில் திரையில் போட்டால் முதலில் ஒரு சிரிப்பலை வரும். அதை நான் தடுப்பதில்லை. ஒருமுறை வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவன் வந்து, “சார், என்னையும் ரூம்ல ‘அல்லேலூயா’ன்னுதான் கூப்பிடுறாங்க” என்றான். மெஸ்ஸில் சாப்பிடும் முன் கண்ணை மூடி ஜெபம் செய்வானாம். கண்ணைத் திறந்தால் தட்டில் முட்டை இருக்காதாம்.

“நீ என்ன பண்ணே?”

“கொஞ்ச நாள் ஒரு கண்ணை மட்டும் மூடி ஜெபம் பண்ணேன் சார். அப்புறம் ஒருநாள், ‘மச்சான், உனக்கும் சேர்த்துத்தான் ஜெபிச்சேன், முட்டை நல்லா செரிக்கட்டும்’னேன்.”

மேசையே சிரித்துவிட்டதாம். பட்டப்பெயர் போகவில்லை; இன்றைக்கும் அவன் அல்லேலூயாதான். முட்டை மட்டும் தட்டிலேயே இருக்கிறது.

அவனுக்குத் தெரியாது, கேலிக்குச் சிரிப்பால் பதில் சொல்வதற்கு ஒரு மூத்த முன்னோடி உண்டு. இன்றைய துனிசியாவிலிருக்கும் கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன். கி.பி. 197 வாக்கில் அவர் எழுதிய நூலில் இதே கழுதை வருகிறது. கழுதைக் காது, ஒரு காலில் குளம்பு, கையில் புத்தகம், மேலே ரோமானிய அங்கி; இதுதான் கிறிஸ்தவர்களின் கடவுள் என்று ஊருக்குள் ஒருவன் படம் காட்டித் திரிந்தானாம். அதைப் பார்த்து நாங்கள் சிரித்தோம் என்றே தெர்த்துல்லியன் எழுதுகிறார்.

சிரிப்போடு விடவும் இல்லை. இந்தக் கழுதைக் கதைக்கு, யூதர்களைப் பற்றி எழுதிய டாசிட்டஸ் என்ற ரோமானிய வரலாற்றாசிரியர்தான் காரணம் என்கிறார். யூதர்களின் எருசலேம் ஆலயத்துக்குள் புகுந்த ரோமானியத் தளபதி பாம்பே அங்கே எந்த உருவத்தையும் காணவில்லை என்று எழுதியவரும் அதே டாசிட்டஸ்தானே என்று அவர் எழுத்தைக் கொண்டே மடக்குகிறார். தெர்த்துல்லியன் கொஞ்சம் நாக்குத் துடுக்குக்காரர். பதில் சொல்லும்போது சாந்தம் வேண்டும் என்று பேதுருவின் முதல் நிருபம் சொல்வதை அவர் எவ்வளவு கடைப்பிடித்தார் என்பது வேறு கதை!

 மிச்சத்தைச் சுருக்கிவிடுகிறேன். கேலியையும் கேள்வியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். “மூணு பேர் எப்படிப்பா ஒரே கடவுள்?” என்று நண்பன் கேட்டால் அது கேலியல்ல, தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததற்குப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் அலறும் நம் ஆலய ஒலிபெருக்கியை ஒருவர் குறை சொன்னால் அதுவும் கேலியல்ல, நியாயம். சத்தத்தைக் குறையுங்கள். அடி, மிரட்டல், வேலை மறுப்பு என்று போனால் மட்டும் சிரித்துக்கொண்டு நிற்காதீர்கள், புகார் கொடுங்கள். அப்போஸ்தலர் பவுலே தம் ரோமக் குடியுரிமையைச் சொல்லிச் சவுக்கடிக்குத் தப்பியவர்தான்.

மறுபடி அந்தக் கிறுக்கலுக்கு வருகிறேன்: அலெக்சாமெனோஸ் பெயர் 1870இல் பக்கத்து அறைச் சுவரிலும் கிடைத்தது. அங்கே லத்தீனில் இருந்தது, அவன் விசுவாசமுள்ளவன் என்று. கேலிக்கான பதிலாகவே அதைப் பலர் வாசிக்கிறார்கள். அதில் திட்டு ஒன்றுமில்லை.

பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம். பள்ளியில் கேலி செய்கிறார்கள் என்று பிள்ளை வந்து சொன்னால், உடனே வேத வசனம் சொல்லத் தொடங்கிவிடாதீர்கள். என்ன நடந்தது என்று முழுதாகக் கேளுங்கள்.