பிறந்த தேதியும் பந்தாட்டக் களமும்



கல்லூரிக் கால்பந்தாட்டத்தில் ஆடத் தகுதியுடையார் யாவர் என்பது குறித்துச் சில சொற்கள் கூற முன்வந்துள்ளோம். ‘இரயில்வே குமாஸ்தாவுக்கும் பந்துக்கும் என்ன தொடர்பு?’ என்று சிலர் வினவக்கூடும். தொடர்பு உண்டு. மாலைதோறும் பந்துதைப்போர் நம் காலனிப் பிள்ளைகள். அவர்தம் பிறந்த தேதியைப் பள்ளிப் பதிவேட்டில் எழுதுவிப்போர் நாம்.

1916ஆம் ஆண்டு, நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியில் தோன்றிய மைசூர்ப் பல்கலைக்கழகம் நம் ஊருக்குப் பெருமை. அதன் கல்லூரிகளில் பயிலும் மாணவன் முதற்கண் தன் கல்லூரிக்காக ஆடுகிறான். திறமையிருப்பின் பல்கலைக்கழகக் குழுவில் இடம் பெறுகிறான். பின்னர்ப் பிற பல்கலைக்கழகங்களை எதிர்த்து ஆடுகிறான். அப்போட்டிகளுக்கு விதி வகுப்பது, 1925இல் தொடங்கப்பெற்ற இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கமாகும். ஆடுபவன் முழுநேர மாணவனாதல் வேண்டும்; 25 வயதைக் கடந்திருத்தல் ஆகாது; முழுநேர ஊழியம் பார்த்தல் ஆகாது; ஒரே கல்வியாண்டில் இரு பல்கலைக்கழகங்களுக்காக ஆடுதலும் ஆகாது. விதிகளின் சாரம் இதுவே.

‘வேலை கிடைத்தவன் கல்லூரிக்கும் ஆடினால் என்ன குறை?’ எனச் சில பெற்றோர் கேட்கின்றனர். களத்தில் இடம் பதினொன்றே. சம்பளம் பெறுபவனுக்கு அலுவலகக் குழு உண்டு. ஏழை மாணவனுக்கோ கல்லூரியை விட்டால் வேறு களம் இல்லை. அவன் இடத்தைக் காப்பதற்கே இவ்விதி.

வயதின் செய்தி இதனினும் பெரிது. உத்தியோகத்தில் இரண்டாண்டு கூடுதலாக இருக்கலாம் என்றெண்ணிப் பிள்ளையின் வயதைக் குறைத்தெழுதுவது நம்மவரிடையே பழைய வழக்கம். பள்ளிச் சான்றிதழில் ஒரு தேதியும் பிறப்புச் சான்றிதழில் வேறொரு தேதியும் இருப்பின், தந்தை செய்த கணக்குக்கு மகன் தலைகுனிய நேரிடும். 2009இல் நைஜீரியாவில் நடைபெற்ற பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில், ஆட்டக்காரரின் மணிக்கட்டைக் காந்தக் கருவியால் படமெடுத்து வயதைச் சோதித்தனர். ஏடு பொய்யுரைப்பினும் எலும்பு மெய்யுரைக்கும் காலம் இது!

படிப்பும் பந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல. 1948இல் இலண்டன் ஒலிம்பிக்கில் இந்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கிய நாகநாட்டுத் தாலிமெரென் ஆவ், கல்கத்தாவில் மருத்துவம் பயின்றவர். 1950இல் பட்டம் பெற்றுப் பின்னர்த் தம் மக்களுக்கே மருத்துவத் தொண்டு புரிந்தார்.

ஆதலின் அன்பர்களே! பள்ளியில் சேர்க்கும் நாளிலேயே உண்மைத் தேதியை எழுதுவிப்போம். வேலை கிடைத்த பிள்ளை தன் இடத்தை அடுத்தவனுக்கு மனமுவந்து விட்டுக்கொடுக்கப் பழக்குவோம். நம் பிள்ளைகள் நேர்மையாக ஆடித் தோற்பினும் அது நமக்குச் சிறப்பே.